உடையாத கழிப்பறை

பூங்காவின் புதிய கழிப்பறையை மீன் வடிவத்தில் கட்டப்போவதாகக் கட்டடக் கலைஞன் ஒபியெரோ சொன்னபோது, அந்தக் கூட்டத்தில் வாய்விட்டுச் சிரித்தவள் அபோண்டி ஒருத்திதான். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நகர மன்றத் தலைவர் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். மேசை நடுவே அட்டையில் செய்த மாதிரி ஒன்று இருந்தது. வாலைத் தூக்கி வளைத்த கொழுத்த ஏரி மீன். ஆண்கள் வாய் வழியாக உள்ளே போவார்கள், பெண்கள் வால் பக்கமாக. முதுகு முழுக்கச் செதில் செதிலாக மரப் பலகை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகப் பச்சைக் கண்ணாடி. கன்னத்தில் செவுள் மாதிரி நீளநீளமாக நாலு கீறல்.

ஒபியெரோ இதற்காகவே நைரோபியிலிருந்து விமானம் ஏறி வந்திருந்தான். கணுக்கால் தெரியும் கால்சட்டை, காலுறை இல்லாத சப்பாத்து. பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் எதையோ உருட்டினான்.

அபோண்டிக்கு கோயோரோ நகரின் பொதுக் கழிப்பறைகளைப் பராமரிக்கும் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் படகுத்துறையிலும் அவள் கை விடாத அடைப்பு கிடையாது. குழாய்களுக்குள்ளிருந்து மக்காச்சோளக் கட்டைகளை எடுத்திருக்கிறாள். குழந்தைச் செருப்பு, பல்செட்டு, ஒரு தடவை முழு பைபிள். மனிதர்கள் ஒரு கழிப்பறையை என்னென்ன செய்வார்கள் என்பதை அவளைவிடத் தெரிந்தவர் அந்த ஏரிக்கரையில் யாரும் இல்லை. அதை அவளே சொல்லிக்கொள்ளவும் செய்வாள்.

"தம்பி, சுத்தம் பண்றவ வாளிய எங்க வைப்பா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்மா, பிறகு பாத்துக்கலாம். நாம இப்ப பேசறது ஒரு அனுபவத்தப் பத்தி."

"ஒன்னுக்குப் போறதுல என்னய்யா அனுபவம்? வந்தமா, போனமா, கையக் கழுவினமானு இருக்கணும். சரி, மூணு நாள் தண்ணி வரலைன்னா?"

"குழாய் எல்லாம் கைய நீட்டினாதாம்மா தெறக்கும். சொட்டுத் தண்ணி வீணாகாது."

"அதுக்குக் கரண்ட் வேணுமே?"

"கூரை மேல சூரியத் தகடு."

"அந்தத் தகட்ட எவனாவது கழட்டிட்டுப் போயிட்டா?"

ஒபியெரோ தலைவரைப் பார்த்துப் புன்னகைத்தான். அந்தப் புன்னகையில், இந்த மாதிரி ஆட்களோடு எல்லாம் உட்கார வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பு இருந்தது. பக்கத்தில் இருந்த இஞ்சினியர் ஒலாங் மேசைக்கு அடியில் அபோண்டியின் காலை மெல்ல மிதித்தார். ஒலாங் அவளுடைய மேலதிகாரி. யாரோடும் பகை வேண்டாம் என்று ஓய்வு நாளை எண்ணிக்கொண்டிருந்த மனிதர்.

"ஏன் சார் மிதிக்கிறீங்க? கேக்கக் கூடாதா?" என்று அபோண்டி உரக்கக் கேட்டாள். அத்தோடு கூட்டம் முடிந்தது.

மீன் கட்டப்பட்டது. பேண்டு வாத்தியம் வாசித்தார்கள், பாதிரியார் ஜெபித்தார், தலைவர் ரிப்பன் வெட்டினார். நைரோபியிலிருந்து வந்த புகைப்படக்காரன் புல்லில் மல்லாந்து படுத்தெல்லாம் படம் எடுத்தான்.

மீன் பதினோரு வாரம் உயிரோடு இருந்தது. முதல் வாரத்திலேயே சூரியத் தகடு காணாமல் போனது. கைநீட்டினால் திறக்கும் குழாய்களில் மூன்று, எவ்வளவு கும்பிட்டுக் கையை நீட்டினாலும் திறக்கவில்லை. நாலாவது, யாரும் நீட்டாமலே திறந்து மூன்று நாள் ஓடியது. தரைக்கு வாட்டமே கொடுக்காததால் அந்தத் தண்ணீர் அப்படியே நின்றது. கீழே பார்த்தால் தன் முகம் தெரியும். ஃப்ளஷ் தொட்டிகளை அழகுக்காகச் சுவருக்குள் புதைத்திருந்தார்கள். விரல் நுனி அளவு ரப்பர் வளையம் ஒன்றை மாற்ற டைல்ஸை உடைக்க வேண்டும். முதுகுச் செதில்களைப் பூங்கா வாசலில் மீன் பொரிப்பவர்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். மீனின் செதிலை எரித்தே மீன் பொரித்தார்கள். மொட்டைத்தலை நாரைகள் அதன் முதுகில் உட்கார்ந்து, மிச்சமிருந்த அழகுக்கு வெள்ளை அடித்தன.

அபோண்டி வாரம் தவறாமல் வந்து பார்த்தாள். பழுது பார்க்கத்தான் வந்தாள். ஆனால் அவள் நடையில் கல்யாண வீட்டுக்குப் போகிறவளின் துள்ளல் இருந்ததை ஒலாங் கவனித்தார். மதியச் சாப்பாட்டில் உகாலிக் களியை உருட்டிக்கொண்டே, ஒபியெரோ மாதிரி காற்றில் கையை உருட்டி, "அனுபவம்மா, அனுபவம்!" என்பாள். அலுவலகமே சிரிக்கும். பன்னிரண்டாம் வாரம் மீனின் வாலைப் பலகை அடித்து மூடி, வாய்க்குக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியவளும் அவள்தான். பூட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்கியிருந்தாள்.

ஒபியெரோவுக்கு ஒன்றும் குறையவில்லை. திறப்பு நாளில் எடுத்த படம் வழவழத் தாள் பத்திரிகை ஒன்றில் வந்தது. தலைவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். மாட்டிய அன்றே அபோண்டி அதன் முன்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டதாக யாரோ அவர் காதில் போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒலாங் அவளைக் கூப்பிட்டார்.

"தலைவர் உத்தரவு. இவ்வளவு வாய் பேசறவள ஒன்னு கட்டச் சொல்லுன்னுட்டார். பூங்காவுக்கு இன்னொரு கழிப்பறை. வரையறதுலேருந்து கட்டறது வரைக்கும் உன் இஷ்டம். யாரும் தலையிட மாட்டாங்க."

"நெஜமாவா சார்?"

"ரொம்ப சந்தோஷப்படாதே. நீ கவுந்தா வேடிக்கை பாக்கத்தான் குடுக்கறார்."

அபோண்டி அன்றைக்கே கணக்கு நோட்டுத் தாளில் கோடு போட ஆரம்பித்தாள். பத்தொன்பது வருஷமாக யார் யார் எதை எதை உடைத்தார்களோ, அத்தனை பேருக்கும் அந்தத் தாளில் பதில் எழுதினாள். கண்ணாடி கிடையாது. மரம் கிடையாது. பீங்கான் கிடையாது, எஃகுத் தகட்டில் மடித்துச் செய்த குந்தும் கழிப்பான். பெண்களுக்கு நாலு, ஆண்களுக்கு நாலு. சுவர் கான்கிரீட்டு, ஒரு சாண் கனம், உள்ளே நெருக்கமாகக் கம்பி. குழாய் எல்லாம் சுவருக்குள் ஓடி மூக்கு மட்டும் வெளியே நீட்டும். கழிப்பான்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி. எல்லா பைப்பும் வால்வும் அங்கேதான், சுத்தம் செய்பவள் ஒரே சாவியில் திறந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கூரைமேல் மழைத் தண்ணீர்த் தொட்டி. இவை எல்லாமே நல்ல யோசனைகள். எதிரிகூட ஒப்புக்கொள்வான்.

காற்றுக்கு, கை நுழையாத அளவில் கூரையோரம் ஆறு ஓட்டை வைத்தாள். வெளியே இருப்பவன் எட்டிப் பார்க்க முடியாதபடி, இரண்டு தடவை திரும்பித்தான் உள்ளே போக முடியும் என்று வாசலை வளைத்தாள். சாக்கடைக் குழாய் பூங்காவின் பின்மூலையில், மாமரங்களுக்குப் பின்னால் ஓடியதால், கட்டடத்தையும் அங்கேயே வைத்தாள்.

கொத்தனார் ஒச்சோலா அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவர். தரைக்கு வாட்டம் சரியில்லை என்று அவரை இரண்டு தடவை பெயர்த்துப் போட வைத்தாள். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் கவிழ்த்து, அது கடைசிச் சொட்டு வரை வாய்க்காலுக்கு ஓடும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். கதவு மாட்டிய அன்று, "தொங்குங்க" என்றாள். அறுபது வயது ஒச்சோலா கதவைப் பிடித்துத் தொங்கினார். கீல் முனகக்கூட இல்லை.

"நீர்யானை வந்து உக்காந்தாலும் அசையாது" என்றாள் அபோண்டி.

"நீர்யானைக்குக் கட்டறோம்னு முன்னாடியே சொல்லியிருந்தா கதவக் கொஞ்சம் அகலமா வெச்சிருப்பேன்" என்றார் ஒச்சோலா.

அங்கே சுத்தம் செய்ய நியமிக்கப்பட்டவள் ரிஸ்பர். மெலிந்தவள், அதிகம் பேசாதவள், படகுத்துறைக் கழிப்பறையில் ஆறு வருஷம் இருந்தவள். பூச்சு காய்வதற்குள் ஒருநாள் வந்து உள்ளே சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள ரொம்ப இருட்டா இருக்கே."

"பல்பு போட்டா திருடுவான்."

"சின்னதா ஒரு ஜன்னலாவது..."

"கண்ணாடி போட்டு வெச்சா உடைப்பான், போடாம வெச்சா எட்டிப் பாப்பான். நீ துடைப்பத்தப் பாரு, ரிஸ்பர். கட்டடத்த நான் பாத்துக்கறேன்."

ரிஸ்பர் துடைப்பத்தைப் பார்த்தாள்.

பேண்டு வாத்தியம் இல்லாமல், பாதிரியார் இல்லாமல் கழிப்பறை திறக்கப்பட்டது. முதல் மாதம் ஒரு திருகாணிகூட அசையவில்லை. இரண்டாம் மாதமும் அப்படியே. நாலாம் மாதம் ஒலாங் நம்ப முடியாமல் தானே வந்து ஒவ்வொரு குழாயாக அமுக்கிப் பார்த்தார். செய்தி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போயிற்று. அங்கிருந்து அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அபோண்டி அவர்களை முதலில் செத்த மீனிடம் கூட்டிப்போவாள். அது என்னென்ன காரணத்தால் செத்தது என்று ஒவ்வொரு உறுப்பாகக் காட்டுவாள். பிறகு தன் கட்டடத்துக்கு வந்து, கையோடு கொண்டுவந்த சம்மட்டியால் சுவரில் ஓங்கி ஒரு போடு போடுவாள். டங்கென்று சத்தம் வரும், கீறல் விழாது.

"தொட்டியப் பாருங்க. எப்பவும் தளும்பத் தளும்ப நிறைஞ்சிருக்கும். அவ்வளவு சிக்கனம்" என்பாள்.

வந்தவர்கள் குறித்துக்கொள்வார்கள். அவர்களில் இருந்த பெண்கள் யாரும் கிளம்புவதற்கு முன் ஒரு நடை உள்ளே போய்வருகிறேன் என்று சொன்னதில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

ஏழாம் மாதம், மீனில் மிச்சமிருக்கும் இரும்பைக் கழற்றி விற்றுவிடலாம் என்று நகர மன்றம் முடிவு செய்தது. எது எது தேறும் என்று பட்டியல் எடுக்க அபோண்டியும் ஒச்சோலாவும் ஒரு புதன்கிழமை மத்தியானம் போனார்கள். வாய்ப்பக்கம் அவள் போட்ட பூட்டு துருப்பிடித்து அப்படியே தொங்கியது. வால் பக்கம் சுற்றிப் போனபோதுதான் புல்லில் ஓர் ஒற்றையடிப் பாதை தெரிந்தது. தினமும் பலர் நடந்து தேய்ந்த பாதை. வால் இருந்த இடத்தில் பலகைகள் போய், அந்த ஓட்டைக்கு மக்காச்சோள மாவுச் சாக்குகளைத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள்.

அபோண்டி திரையை விலக்கினாள்.

"ஏய்! ஆளு இருக்கு!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வெடித்தது.

அபோண்டி திரையைப் போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினாள். ஒச்சோலா ஏரியில் மிதக்கும் ஆகாயத்தாமரையை உற்றுப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் இடுப்புத்துணியை இறுக்கிக்கொண்டே பெரெஸ் வெளியே வந்தாள். வாசலில் மீன் பொரிப்பவர்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. கையைத் தட்டினால் பூங்காவின் மறுகோடிவரை கேட்கும்.

"அலேகோ ஊர்ப் பொண்ணா? தட்டிட்டு உள்ள வரணும்னு உங்க அலேகோவுல சொல்லித் தரலியா?"

"பூட்டின இடத்துல நீ என்ன பண்றே?"

"பூட்டறது உன் வேல, போறது எங்க வேல."

அபோண்டி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தரை பெருக்கியிருந்தது. மூலையில் மூடிபோட்ட பீப்பாயில் ஏரித்தண்ணீர், அதன்மேல் ஒரு தகரக் குவளை. வெங்காய வலைப்பையில் சோப்புத் துண்டு போட்டு ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தண்ணீர் தேங்கிய தரையில் யாரோ உளியால் பொறுமையாகக் கொத்தி வாய்க்கால் இழுத்திருந்தார்கள். வாட்டம் கச்சிதமாக இருந்தது. உடைந்த கண் வழியாகவும் செவுள் கீறல்கள் வழியாகவும் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. அபோண்டி கீறல் ஒன்றில் கண்ணை வைத்தாள். பாதை முழுக்கத் தெரிந்தது, வாசல்வரை. யார் வருகிறார்கள் என்று உள்ளிருந்தே பார்க்கலாம். கீறல்கள் சாய்வாக இருந்ததால் வெளியே இருப்பவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

வெளியே வந்தபோது மீன் பொரிக்கும் பெண்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள்.

"அங்க புதுசா கட்டிக் குடுத்திருக்கேன்ல? அதை விட்டுட்டு இந்தக் குப்பைக்குள்ள..."

"எது, அந்த ஜெயிலா?" என்றாள் பெரெஸ்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஊரே அப்படித்தான் சொல்லுது, தெரியாதா? அபோண்டி ஜெயில். ஒளிஞ்சுக்கணும்னா போலாம், ஒதுங்கணும்னா யாரு போவா?"

"ஒரு குழாய் உடைஞ்சுதா? ஒரு கதவு ஆடுதா? ஏழு மாசம் ஆச்சு!"

"மனுஷி போனாதானேடி உடையறதுக்கு!" பெரெஸின் குரலில் சிரிப்பு போயிருந்தது. "மரத்துக்குப் பின்னால கொண்டுபோய் வெச்சிருக்க. உள்ள போனா வெளிய எவன் நிக்கிறான்னு தெரியாது. எவனாவது நின்னா, கத்தினாலும் கேக்காது. உன் சுவரு அவ்வளவு கெட்டி. நிலக்கடல விக்கிற யூனிஸுக்கு மூணாவது வாரமே நடந்துச்சு. வெளிய வரா, ரெண்டாவது வளைவுல ஒருத்தன் ரெண்டு கையையும் நீட்டி மறிச்சிட்டு நிக்கிறான். தகர டப்பாவால மூஞ்சியில அடிச்சிட்டு ஓடி வந்துட்டா. கடல எல்லாம் போச்சு. அன்னிலேருந்து ஒருத்தியும் அங்க போறதில்ல. ரிஸ்பர்கிட்ட சொன்னோமே, அவ உன்கிட்ட சொல்லலியா?"

அபோண்டி ஒச்சோலாவைப் பட்டியலோடு அங்கேயே விட்டுவிட்டு மாமரங்களை நோக்கி நடந்தாள்.

ரிஸ்பர் கட்டடத்துக்கு வெளியே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். அபோண்டியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"யூனிஸ் விஷயத்த ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்க்கா. மூணு தடவ ஆரம்பிச்சேன். மூணு தடவயும் துடைப்பத்தப் பாருன்னீங்க."

"சரி, நீ எங்க போவ? நீ இதத்தானே..."

ரிஸ்பர் தன் செருப்பைப் பார்த்தாள். "மீனுக்குக்கா" என்றாள்.

ஊரெல்லாம் சிரித்ததுகூட அவ்வளவு சுடவில்லை. அபோண்டி விறுவிறுவென்று உள்ளே போனாள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. கடைசி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே சூரியன் உச்சியில் இருந்தது. உள்ளே தன் கைவிரல் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆறு ஓட்டைகளிலிருந்து ஆறு கோலி அளவு வெளிச்சம் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு மாதத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பத்துப் பேர் சூழ, சம்மட்டியோடுதான் அவள் இங்கே நின்றிருக்கிறாள்.

காலடிச் சத்தம் கேட்டது. கனமான காலடி. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை, சத்தம் கான்கிரீட்டில் மோதி எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நின்றது. ஓர் ஆண் செருமினான். அபோண்டியின் இரண்டு கைகளும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டன.  பிறகு அடுத்த பக்கத்தில் தண்ணீர் ஓடியது, காலடி தள்ளிப் போயிற்று. ஆண்கள் பக்கம் வந்த எவனோ ஒரு பாவப்பட்ட மனிதன், வந்த வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போன பிறகும் அவளால் உடனே வெளியே வர முடியவில்லை.  முதலில் அந்த ஆள்மேல் கோபம் வந்தது. பிறகு பெரெஸ்மேல், பிறகு வாயை மூடிக்கொண்டிருந்த ரிஸ்பர்மேல். ரிஸ்பர் வாயை மூடிக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது, திட்டுவதற்கு வேறு யாரும் மிச்சமில்லை. அதிகம் புழங்காத அந்தத் திசையில் அபோண்டி தன் நாக்கைத் திருப்பினாள். ஒபியெரோவுக்குச் சொன்னதைவிடக் கெட்ட வார்த்தைகள்தான் கிடைத்தன.

மறுநாள் காலை அளவு நாடாவோடு மீனிடம் போனாள். செவுள் கீறல் ஒவ்வொன்றின் நீளம், அகலம், சாய்வு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதினாள். பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"செத்த மீனுக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்றாள் பெரெஸ்.

"இந்த முனையப் பிடி. பேச்சு அப்புறம்" என்றாள் அபோண்டி. பெரெஸ் பிடித்தாள்.

ஒலாங்கிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "உடைக்கணுமா? ஏழு மாசமா ஊர் ஊரா ஆளக் கூப்பிட்டுக் காட்டிட்டு இப்ப உடைக்கணுமா?" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"உடையாத கட்டடம்னுதான் சார் சொன்னேன். நல்ல கட்டடம்னு எப்பச் சொன்னேன்?"

"தலைவர் என்னைக் கேட்டா?"

"அபோண்டி ஒரு முட்டாள்னு சொல்லுங்க. சந்தோஷமா கையெழுத்துப் போடுவார்."

அப்படியே ஆயிற்று. தலைவர் அதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

உடைப்பதற்கு ஒன்பது நாள் பிடித்தது. நாலு ஆள், இரண்டு சம்மட்டி, எத்தனையோ உளி. உளி மழுங்கியதே தவிர சுவர் மசியவில்லை. மூன்றாம் நாள் ஒச்சோலா தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கம்பிய ஏன் இவ்வளவு நெருக்கமா போட்டிருக்கீங்க?" என்று அவளே கேட்டாள்.

"யாரோ ஒரு மகராசி போடச் சொன்னா. எதுத்துப் பேசினா துடைப்பத்தப் பாருன்னுடுவா" என்றார் அவர்.

வளைந்த வாசல் முழுவதும் போயிற்று. பெண்கள் பக்கத்து நாலு அறைகளும் ஆண்கள் பக்கத்து நாலும் நேராகப் பாதையைப் பார்த்துத் திறக்கும்படி கதவுகளைத் திருப்பி வைத்தார்கள். கை கழுவும் தொட்டி வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி வந்தது. ஒவ்வொரு அறையிலும் தலைக்கு மேலே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நீளமான திறப்பு, கம்பி போட்டு. கண் உயரத்தில் செவுள் கீறல்கள், கதவிலும். மாமரங்களின் தாழ்ந்த கிளைகளை வெட்டி, பாதையிலிருந்து கட்டடம்வரை மறைப்பில்லாமல் செய்தார்கள். எஃகும் வாட்டமும் பின்பக்கத்து இடைவெளியும் அப்படியே இருந்தன. அவற்றில் கைவைக்க யார் சொல்லியிருந்தாலும் அபோண்டி கடித்திருப்பாள்.

பெரெஸை வேலை நடக்கும்போதே கூட்டிவந்து காட்டினாள். வாயை மூடிக்கொண்டு ஒருவர் சொல்வதைக் கேட்பது அபோண்டிக்குப் பல்வலி மாதிரி இருந்தது. பெரெஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, குந்தி, எழுந்து, வெளியே வந்தாள்.

"கூடைய எங்க வைக்கறது?"

"என்ன கூட?"

"விக்கிற மீன் கூட. வெளிய வெச்சா போயிடும். இந்தத் தரையில வெச்சா, அப்புறம் எவன் வாங்கித் தின்பான்? கைக்குழந்தையோட வந்தா?"

அபோண்டி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டாள். இடுப்பு உயரத்தில் ஒவ்வொரு அறையிலும் ஒரு கான்கிரீட்டுத் திண்டு வந்தது. ரிஸ்பரைக் கேட்டபோது, மூன்று நாள் யோசித்துவிட்டு, முன்னால் கூரையோடு ஒரு இருக்கையும் அங்கேயே தண்ணீர் பாட்டிலும் தாளும் விற்க அனுமதியும் வேண்டும் என்றாள். இருக்கை எந்த இடத்தில் இருந்தால் எட்டுக் கதவும் தெரியும் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினாள்.

மறுபடி திறந்த வாரத்தில் பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள், ஒருத்தி வெளியே காவல் நிற்க. அடுத்த மாதம் தனியாக வந்தார்கள். தொட்டித் தண்ணீர் வெள்ளிக்கிழமைக்குள் அடி காண ஆரம்பித்தது. ஒரு கொக்கி உடைந்தது, இரண்டு குழாய் ஒழுகியது, ஒன்றில் மக்காச்சோளக் கட்டை அடைத்தது. அபோண்டிக்கு மறுபடி வேலை வந்தது.

வேறொரு ஊரில் எதையோ ஆமை வடிவத்தில் கட்டுவதற்காக வந்திருந்த ஒபியெரோ, வழியில் பூங்காவில் இறங்கினான். சுவரைப் பார்த்ததும் கையை உருட்டுவதை நிறுத்திவிட்டான்.

"இது என்னோட செவுள் ஆச்சே!"

"ஆமா தம்பி. உங்க மீன்ல உருப்படியா இருந்தது அது ஒன்னுதான். எடுத்துக்கிட்டேன்."

ஒபியெரோவின் முகம் மலர்ந்தது. "நல்லதும்மா. ஒரு நல்ல யோசனை யார் கைக்குப் போனாலும்..."

"வெளிச்சம் வரணும், உள்ள இருக்கறவ வெளிய பாக்கணும்னுதானே வெச்சீங்க?" என்று அபோண்டி கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவனுக்கு அந்த ஒரு மரியாதையைக் கொடுத்துவிடலாம் என்று பாதி மனதாக இருந்தாள்.

ஒபியெரோ கொஞ்சம் விழித்தான். "இல்லம்மா... மீனுக்குச் செவுள் இருக்கணும்ல" என்றான்.

அபோண்டி சிரித்த சிரிப்பில் நாரைகள் எழுந்து பறந்தன.

டிசம்பரில் நாட்டின் சுதந்திர நாள் விடுமுறை வந்தது. பூங்காவில் எள் போட இடமில்லை. படகுக்காரர்கள் கத்தினார்கள், ஒலிபெருக்கி அலறியது, பொரித்த மீன் வாசனை ஏரிவரை போயிற்று. அபோண்டி கூட்டத்தை மேற்பார்வை பார்க்க வந்திருந்தாள். மத்தியானம் இரண்டு பாட்டில் சோடா குடித்ததில் அவளுக்கே அவசரமாக வந்துவிட்டது. நேராகத் தன் கட்டடத்துக்குப் போனாள். பெண்கள் பக்கம் பாதைவரை வரிசை நின்றது. ஆண்கள் பக்கம் ஒருவர் உள்ளே போவதும் ஒருவர் வருவதுமாக, இரண்டு கதவுகள் சும்மாவே திறந்து கிடந்தன.

முதல் கதவுக்குப் போன அவளை ரிஸ்பர் தன் இருக்கையிலிருந்து நிறுத்தினாள்.

"அக்கா, வரிசை."

"ரிஸ்பர், நான்..."

"தெரியும்க்கா. வரிசை அங்க முடியுது."

அபோண்டி வரிசையின் கடைசிக்குப் போனாள். அவளுக்கு முன்னால் பதினான்கு பேர். அவளுக்குப் பின்னால் வந்து நின்ற பெண் வெளியூர்க்காரி, முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள், கையில் இன்னொன்றைப் பிடித்திருந்தாள். அது காலைக் காலை மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தது.

"பாருங்கக்கா இந்த அநியாயத்த. ஆம்பளைங்களுக்கும் நாலு, நமக்கும் நாலு. அவனுக்கு நின்ன இடத்துல முடிஞ்சிடுது. நாம துணியத் தூக்கி, புள்ளையத் தூக்கி, கூடைய வெச்சு... எந்தப் புத்திசாலி இதக் கட்டினானோ. வீட்டுல பொம்பளையே இல்லாதவனா இருப்பான்."

அபோண்டி ஆண்கள் பக்கத்துத் திறந்த கதவுகளைப் பார்த்தாள். அந்தச் சுவர்களின் கம்பி எவ்வளவு நெருக்கம் என்பது அவளுக்குத் தெரியும். ஒச்சோலாவின் முகமும் நினைவுக்கு வந்தது.

"எத்தனை இருந்தா சரியா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஏன், நீங்க கட்டப் போறீங்களா?" என்றாள் அந்தப் பெண் எரிச்சலோடு, முதுகுக் குழந்தையின் கட்டை இறுக்கிக்கொண்டே. "முன்னால நகருங்க, இடம் விட்டிருக்கு."